ஞாயிற்றுக்கிழமையும் நடுங்கிய குழாய்

எங்கள் நிறுவனத்துக்கு நடுங்கும் ஊர் ஒன்று தேவைப்பட்டது. சிங்கப்பூரில் எதுவும் நடுங்குவதில்லை. ரயில் நடுங்காது, பாலம் நடுங்காது. பம்புகள்கூட ரப்பர் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் மெதுவாக முனகும். நாங்கள் தயாரித்து வைத்திருந்ததோ நடுக்கத்தைத் தின்று உயிர்வாழும் கருவி.

கருவி என்றால் உள்ளங்கையளவு டப்பா. உள்ளே மெல்லிய எஃகுத் தகடு, அதன் நுனியில் காந்தம், பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருள். தண்ணீர் ஓடும் குழாயின் மேல் கட்டிவிட்டால், குழாயின் நடுக்கத்தில் தகடு ஆடும், துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியில் உள்ளேயிருக்கும் சென்சார் விழித்து, குழாயின் அழுத்தத்தை அளந்து, வயர் இல்லாமல் செய்தி அனுப்பும். குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் அழுத்தம் குறைந்து அது நமக்குத் தெரிந்துவிடும். பேட்டரி கிடையாது, மாற்றுவதற்கு ஆள் தேவையில்லை. சோதனைச் சாலையில் அது அற்புதமாக வேலை செய்தது. சோதனைச் சாலையில் வேலை செய்யாத கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை.

திருப்பூரில் சாயப்பட்டறை முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து விசாரித்திருந்தார்கள். பட்டறைகளிலிருந்து நிலையத்துக்கு வரும் குழாய் ஒழுகுகிறது என்று விவசாயிகள் புகார் சொல்கிறார்களாம்; ஒழுகவில்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். என் மேலாளர் லிம் என்னைக் கூப்பிட்டார். "அது உங்கள் ஆட்களின் ஊர்தானே, நீயே போய்விட்டு வா" என்றார். நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூர் ஈசூனில். இந்தியாவைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தமிழச்சி என்பதால் எழுபது மில்லியன் பேரையும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது லிம்மின் கணக்கு.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, கம்பிச் சுருள்களைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் கம்பிச் சுருள்களைப் பார்த்தார்.

"பேட்டரி எங்கம்மா?"

"பேட்டரி இல்லை, ஐயா."

"அப்புறம் எப்படி வேலை செய்யும்?"

"நடுங்கினால் வேலை செய்யும்."

"நடுங்க வைங்க பார்ப்போம்."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் முன்னால் அந்த டப்பாவைப் பிடித்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டினேன். சிறிய பச்சை விளக்கு மினுங்கியது. அதிகாரி தானும் ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் ஆட்டச் சொன்னார். எங்கள் கண்டுபிடிப்புக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே மனமார்ந்த பாராட்டு அதுதான்.

வெளியே நிலையத்தின் மேலாளர் மோகனசுந்தரம் பெயர்ப்பலகையோடு நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு செல்போன், எதற்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாத வாய். "வாங்க மேடம், நல்லா வந்தீங்களா, ரோடு எல்லாம் நல்லா இருக்குமுங்க" என்றார். ரோடு நல்லா இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு டெம்போ, தன் உயரத்தைவிட இரண்டு மடங்கு துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு, கர்ப்பிணியைப் போல அசைந்து அசைந்து போயிற்று. அதை முந்த எங்கள் கார் எடுத்த ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே ஒரு பேருந்து வந்தது.

"உங்க தமிழ் டிவி நியூஸ் மாதிரி இருக்குதுங்க" என்றார் மோகனசுந்தரம், நான் நாலு வாக்கியம் பேசிய பிறகு. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

விடுதி அறைக்கு நேர் கீழே ஜெனரேட்டர். மின்வெட்டு அப்போதுதான் ஊரைப் பிடிக்கத் தொடங்கியிருந்த வருடம். மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் கிளம்பும், கட்டில் நடுங்கும், மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர் மெல்ல ஓரத்தை நோக்கி நகரும். சன்னலுக்கு எதிரே பின்னலாடை மிஷின்கள் வேறு. லிம் சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். என் பல்லின் மேல் ஒரு டப்பாவைக் கட்டியிருந்தால் ஒரு தெருவுக்கே விளக்கெரித்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை கார் வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து துணி வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டாராம், கார் அவருக்குப் போய்விட்டதாம். "அவிநாசிபாளையம் பஸ் ஏறுங்க மேடம், நாலு நிமிசத்துக்கொரு பஸ்ஸுங்க" என்றார் மோகனசுந்தரம் போனில். நான் நடத்துனரிடம் 'அவிநாசி' என்று ஆரம்பித்தேன். 'பாளையம்' வாயிலிருந்து வெளியே வருவதற்குள் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் வடநாட்டு இளைஞன் ஒருவன் போனில் இந்தியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் இந்தி புரியும். "சாப்பாடெல்லாம் கிடைக்குது அம்மா. ஆனா எல்லாத்துலயும் தேங்காய் போடுறாங்க. ரொட்டியிலதான் இன்னும் போடல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்காக அனுதாபப்பட்டபடியே நான் ஊரின் தவறான திசையில் வெகுதூரம் போய்விட்டேன்.

இறங்கிய இடம் அவிநாசி. போகவேண்டியது அவிநாசிபாளையம் போகும் தாராபுரம் சாலை. ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. ஒரே பெயரை இரண்டு திசையிலும் வைத்தவருக்கு வெளியூர்க்காரர்கள் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும். பூக்கடை அம்மா ஒருவர், "அய்யோ, இது வேறீங்க அம்மிணி. திரும்பிப் போங்க, டவுன்ல எறங்கி மாறுங்க" என்று சொல்லி, ஆறுதலுக்குக் கொஞ்சம் மல்லிகையும் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் ஊரில் வழி தவறினால் வரைபடம் கிடைக்கும், பூ கிடைக்காது.

நிலையத்தை அடைந்தபோது மதியம். நான்கு சாயப்பட்டறைகளின் கிளைக் குழாய்கள் ஒரு பெரிய இரும்புக் குழாயில் சேர்ந்து, தோட்டங்களின் ஓரமாக ஓடி, நிலையத்துக்கு வருகின்றன. என் ஆறு டப்பாக்களில் நான்கைக் கிளைகளில் ஒவ்வொன்றாகவும், ஐந்தாவதை வழியில் ஒரு தோட்டத்தின் மூலையிலிருந்த வால்வுத் தொட்டியிலும், ஆறாவதை நிலையத்தின் வாசலிலும் கட்டினேன். செய்தியை வாங்கும் பெட்டி மோகனசுந்தரத்தின் அலுவலகத்தில், இன்வெர்ட்டர் மின்சாரத்தில், என் மடிக்கணினியோடு. உதவிக்கு பம்ப் ஆபரேட்டர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், எதையும் சந்தேகமாகப் பார்க்கும் மீசை.

வால்வுத் தொட்டி இருந்த தோட்டம் ஆரோக்கியமேரி என்பவருடையது. ஐம்பது வயதிருக்கும். நாங்கள் கருவி கட்டுவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி என் காதருகே, "இந்த அக்காதான் மேடம், புகார் பார்ட்டி" என்றார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க" என்றார் ஆரோக்கியமேரி. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க புதுசா வந்த ஆபீசருங்களா? போன தடவ வந்தவிய கெணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாங்க. அதுக்கு முந்தி வந்தவியளும் புடிச்சிட்டுப் போனாங்க. பாட்டில் பாட்டிலாப் போகுதுங்க, பதில்தான் வர்றதில்ல."

நான் ஆபீசர் இல்லை, கருவி கட்ட வந்தவள் என்றேன். குழாய் ஒழுகினால் இது காட்டிக்கொடுக்கும் என்றேன்.

"ஒழுகறதில்லீன்னு வந்தா?"

"அப்படியென்றால் ஒழுகவில்லை என்று அர்த்தம்."

"அப்ப நாந்தான் பொய்யின்னு அர்த்தமுங்க" என்றார் அவர், அமைதியாக. வீட்டிலிருந்து ஒரு தட்டில் தண்ணீர்ப் பாக்கெட்டை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கிணறு இருக்கும் தோட்டத்தில் விருந்தாளிக்குப் பாக்கெட் தண்ணீர். "எங்க ஊட்ல எல்லாரும் இதைத்தான் குடிக்கறதுங்க. கெணத்துது வாயில வெக்க முடியாது. மாடு ரெண்டையும் வித்துப்போட்டேன். ஆடு மட்டும் இருக்குது, அதும் மொகத்தச் சுளிக்குது." தென்னைகளின் உச்சி வெளிறிக் கிடந்தது. ஓரமாக ஓடிய ஓடையின் மணலில் ஊதாவும் சிவப்பும் கலந்த கறை, காய்ந்து போயிருந்தது; லேசாக ஓர் அழுகல் வாசமும் வந்தது.

"எப்போது இந்த வாசம் அதிகமாக இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு கோயில்ல இருந்து வர்றப்பங்க. ஆனா ஞாயித்துக்கெழம பட்டறை எதுவும் ஓடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்களே. நாம என்ன பேசறது?"

அதை நான் அன்று ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேறு பிரச்சினை இருந்தது. ஆறு டப்பாக்களில் ஒன்றுகூட விழிக்கவில்லை. குழாய் நடுங்கியது, கையை வைத்தால் தோள்வரை நடுக்கம் ஏறியது. ஆனால் டப்பாக்கள் தூங்கின. மோகனசுந்தரம் வந்து பார்த்தார். "சூப்பருங்க மேடம்" என்றார். அவருக்கு அது வேலை செய்யாததில் ஒரு வருத்தமும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தகடு வினாடிக்குச் சரியாக ஐம்பது முறை ஆடும் நடுக்கத்துக்கு ஏற்றதாக வெட்டப்பட்டது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தான் உயரும், தாளம் தவறினால் நின்றுவிடும், அது மாதிரி. குழாயை நடுங்கவைக்கும் பம்போ, மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ அந்தத் தாளத்தை ஒட்டித்தான் சுற்றும். சிங்கப்பூர் மின்சாரம் ஐம்பது என்றால் ஐம்பதேதான். வெள்ளிக்கிழமை காலை நிலையத்தின் மின்பலகையில் அந்தத் துடிப்பைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது ஐம்பதுக்குக் கீழே, வெட்கப்பட்டு நிற்பதுபோல நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது. மின்சாரத்துக்கு ஆள் அதிகம், உற்பத்தி குறைவு, அதனால் மோட்டார்கள் எல்லாம் மெல்லச் சுற்றுகின்றன. நாட்டின் மின்பற்றாக்குறை என் எஃகுத் தகட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

"கரண்ட் இருக்கு மேடம். சீக்குப் புடிச்ச கரண்டு" என்றார் இசக்கி.

தகட்டின் நுனியில் எடை கூட்டினால் அது மெதுவாக ஆடும். ஒவ்வொரு டப்பாவிலும் தகடு இரண்டு. ஒன்றின் நுனியில் ஈயப்பற்றைக் கொஞ்சம் உருக்கி ஒட்டினேன், மற்றதில் இன்னும் கொஞ்சம் அதிகம். முள் எங்கே நின்றாலும் இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போகட்டும் என்று. பல லட்சம் செலவில் துல்லியமாக உருவாக்கிய பொருளை, ஒரு பழைய சால்டரிங் அயர்னால், மின்விசிறி நின்ற அறையில், வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கெடுத்து, வேலை செய்ய வைத்தேன். மதியத்துக்குள் ஆறும் விழித்துவிட்டன. திரையில் ஆறு பச்சைப் புள்ளிகள்.

அன்று மதியச் சாப்பாடு பட்டறை முதலாளிகள் சங்கத்தின் பொருளாளர் தங்கராசு வீட்டில். மூன்றாம் கிளைக் குழாய் அவர் பட்டறையுடையது. அரிசிம்பருப்புச் சோறு, அதன் மேல் நெய்க் குளம், தயிர், அப்பளம், கடைசியாக ஒப்புட்டு என்று அவர்கள் சொல்லும் இனிப்புப் போளி. நான் போதும் என்று கையை மறைத்தபோதெல்லாம் விரல் இடுக்கில் சோறு விழுந்தது. தங்கராசு நல்ல மனிதர். வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முருகன் படத்துக்கு முன் நின்று திருநீறு பூசிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"எங்க ஊர்த் தண்ணிய மட்டும் குடிச்சுப்போடாதீங்க மேடம்" என்று அக்கறையாகச் சொன்னார். "ஒரே உப்புங்க. நாங்க எல்லாம் கேன் தண்ணிதான்." உப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. வாய் நிறைய ஒப்புட்டு இருந்தது.

சனிக்கிழமை சம்பள நாள். சாலைகளில் நடக்க இடமில்லை. ஏற்றுமதியில் தள்ளுபடியான பனியன்களை நடைபாதையில் மலைமலையாகக் குவித்து விற்றார்கள். ஐரோப்பியக் கடைகளின் பெயர் அச்சிட்ட சட்டைகள், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பரோட்டாக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்கள், ஓவர்டைம் முடித்துவிட்டு வந்தவர்கள், "நாளைக்கு நாள் பூராத் தூங்கோணும்டி, எந்திரிச்சா அது பேரு சண்டேவே இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதே திட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதியில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் ஏதோ கோளாறில் படுத்துவிட்டது. முதல்முறையாகக் கட்டில் நடுங்கவில்லை, ஆனால் கொசுக்களுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் நிலையத்துக்கே பஸ் ஏறினேன். சரியான பஸ். அங்கே இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறியாவது ஓடும்.

நிலையத்தில் இசக்கி மட்டும் காவலுக்கு இருந்தார். பம்புகள் ஓடவில்லை. மடிக்கணினியைத் திறந்தேன், ஆறும் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்து. நான்கு தூங்கின. இரண்டு விழித்திருந்தன. தங்கராசுவின் மூன்றாம் கிளை. ஆரோக்கியமேரி தோட்டத்து வால்வுத் தொட்டி.

முதலில் என் ஈயப்பற்றின் மேல்தான் சந்தேகம் வந்தது. ஆனால் நடுக்கம் இல்லாமல் இந்தக் கருவிக்கு உயிர் வராது. பொய் சொல்வதற்குக்கூட அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். யாரோ ஒரு பம்பை ஓட்டுகிறார்கள், தண்ணீர் மூன்றாம் கிளையில் புறப்பட்டிருக்கிறது, தோட்டத்து மூலை வரை வந்திருக்கிறது, நிலையத்துக்கு வரவில்லை. நடுவில் எங்கோ வெளியே போகிறது.

"இசக்கி, கொஞ்சம் என்னோடு வாங்க."

அவர் திரையைப் பார்த்தார். விளக்கிச் சொல்லாமலே புரிந்தது போல இருந்தது. "நான் வரல மேடம். எனக்குச் சோறு இங்கனதான்" என்றார். பிறகு ஒரு குடையை எடுத்து நீட்டினார். "வெயிலு."

நடந்து போனேன். தோட்டத்தின் மூலைக்கு வரும்போதே வாசம் வந்துவிட்டது, அழுகிய முட்டையும் சலவைச் சோடாவும் கலந்த மாதிரி. வால்வுத் தொட்டியின் மூடி தள்ளியிருந்தது. பெரிய குழாயின் அடியில், மண் போட்டு மறைத்திருந்த ஒரு பக்கக் குழாய் இப்போது மண் விலகித் தெரிந்தது. அதன் வழியாக, ஓடைக்குள், கருஞ்சிவப்பு நீர் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு அமைதியாக, ஏதோ தோட்டத்துக்குப் பாய்ச்சுவதைப் போல. கையைக் குழாயில் வைத்தேன். நடுங்கியது.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆரோக்கியமேரி, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், கஞ்சி போட்ட சேலையில், கையில் ஜெபமாலையோடு நின்றார். ஓடையைப் பார்த்தார். அந்தப் பக்கக் குழாயைப் பார்த்தார். அவர் பூசைக்குப் போகும் நேரம்தான் தோட்டத்தில் யாரும் இல்லாத நேரம். அது அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலையில் மண் படுவதைக்கூடப் பார்க்கவில்லை.

"கோயில்ல உக்காந்து இந்தக் கெணத்துக்குத்தான் வேண்டிக்கிட்டு இருந்தனுங்க" என்றார். "அந்நேரம் பாத்து."

இசக்கியின் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

"கண்ணுல பாத்துட்டீங்கல்ல, அம்மிணி?"

"பார்த்துவிட்டேன்."

"நாளைக்கும் பாத்தேன்னு சொல்லுவீங்களா?"

சொல்வேன் என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் நடுங்கிற்று.

மாலையில் லிம்மைப் போனில் பிடித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாகக் கேட்டார்: "நம்மைக் கேட்டது என்ன? ஓட்டை இருக்கிறதா என்றுதானே? ஓட்டை இருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியானால் இல்லை என்று எழுது. வாடிக்கையாளர் கேட்காத கேள்விக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?" அதுவும் உண்மைதான். குழாயில் ஓட்டை இல்லை. வாசல்தான் இருந்தது.

அந்த வாக்கியத்தை விடுதியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'சோதித்த பகுதியில் கசிவு எதுவும் இல்லை.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைவிடச் சுத்தமான பொய்யை நான் எழுதியதில்லை. அழித்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்ற வீரம் எல்லாம் இல்லை. வீட்டுக் கடன் நினைவுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் வரப்பில் உட்கார்ந்த அந்தச் சேலையும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை, முதலாளிகளுக்கு நான் முடிவைச் சொல்ல வேண்டிய கூட்டத்துக்கு முன்பே மோகனசுந்தரம் திரையைப் பார்த்துவிட்டார். இசக்கி சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். என்னைத் தனியாக அழைத்து, காபி வரவழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இது அருமையான மெசினுங்க. சின்ன ரிக்வெஸ்ட்டு. ஞாயித்துக்கெழம மட்டும் இதை ஆஃப் பண்ணி வெக்க முடியுங்களா?"

"முடியும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எப்படிங்க?"

"பம்பை நிறுத்தினால் போதும்."

அவர் வாழ்க்கையில் முதல்முறையாக 'சூப்பருங்க' என்று சொல்லவில்லை.

கூட்டத்தில் நான்கு முதலாளிகள், மோகனசுந்தரம், நான். தட்டில் முந்திரி பிஸ்கட். ஓட்டை இல்லை என்று முதலில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மெல்லக் கைதட்டவும் செய்தார். அடுத்து ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் காட்டினேன். இரண்டு புள்ளிகள் பச்சை, நான்கு இருட்டு. பக்கக் குழாயைப் பற்றிச் சொன்னேன், கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். ஓடையைப் பற்றி, கிணற்றைப் பற்றி, ஆரோக்கியமேரியைப் பற்றிச் சொன்னேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

மற்ற மூவரும் தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தார்கள். கிணற்றை நினைத்துக் கோபப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

"தங்கராசு," என்றார் இரண்டாம் கிளைக்காரர், "நாங்க மூணு பேரும் தண்ணிய சுத்தம் பண்ணறதுக்கு மாசாமாசம் காச அழுதுட்டு இருக்கறோம். நீங்க ஞாயித்துக்கெழம ஓடையில உட்டுட்டுப் பங்கு கம்மி பண்ணிக்கறீங்களா?"

"டேங்க் கழுவுனமுங்க. ஒரே ஒரு வாரம்" என்றார் தங்கராசு.

"வாராவாரம் கழுவற டேங்க்கா? நீங்க மட்டும் சாயக் கூலியக் கம்மியா வாங்கறப்பவே எனக்குத் தெரியுமுங்க."

பிறகு நடந்ததை முழுவதும் எழுத முடியாது. கிணறு பற்றி ஒருவரும் பேசவில்லை. ஓடை பற்றிப் பேசவில்லை. யார் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள், யார் யாருடைய வாடிக்கையாளரைத் தட்டிப் பறித்தார்கள், எந்தக் கல்யாணத்தில் யார் யாருக்கு வணக்கம் வைக்கவில்லை என்பதெல்லாம் வந்தது. கொங்குத் தமிழின் ஒரு சிறப்பு, எவ்வளவு கோபத்திலும் 'ங்க' விடுபடாது. "நீங்க ஒரு திருடனுங்க" என்று ஒருவர் சொன்னதையும், "மரியாதையாப் பேசுங்க" என்று மற்றவர் பதில் சொன்னதையும் என் காதால் கேட்டேன். முந்திரி பிஸ்கட் கடைசிவரை தீண்டப்படாமல் இருந்தது.

மாலைக்குள் தீர்மானம் போட்டார்கள். பக்கக் குழாயை உடனே வெல்டு வைத்து அடைக்க வேண்டும். நான்கு பட்டறைகளிலும், ஒவ்வொரு பம்பிலும், ஒவ்வொரு வால்விலும் எங்கள் கருவியைக் கட்ட வேண்டும். ஒருவரை ஒருவர் நம்ப முடியாததால், நடுக்கத்தை நம்புவது என்று முடிவு. தங்கராசுதான் எல்லோரையும்விடச் சத்தமாக, "என் பட்டறையில மட்டுமில்ல, எல்லார்த்து பட்டறையிலயும் ரெண்டு ரெண்டு வெய்யுங்க" என்றார். லிம்மிடம் சொன்னபோது, அவர் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு ஆர்டர் என்றதும், நேர்மை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நான் அவர் சொன்னதைக் கேட்டு நடந்ததற்கு எனக்கு நன்றியும் தெரிவித்தார்.

செவ்வாய்க்கிழமை, கிளம்பும் முன், தோட்டத்துக்குப் போனேன். வெல்டர் வேலையை முடித்துவிட்டு உபகரணங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அடைத்த இடம் இன்னும் சூடாக, நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமேரி சற்றுத் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் சண்டை போட்டதைச் சொன்னபோது ஒருமுறை சிரித்தார்.

"எனக்காவ ஒண்ணும் சண்ட போடலீங்களே?"

"இல்லை அக்கா."

"பரவால்லீங்க. அடைச்சாச்சுல்ல."

பிறகு கிணற்றின் பக்கம் திரும்பி, "கெணறு எப்ப அம்மிணி சரியாகும்?" என்று கேட்டார்.

என் பெட்டியில் அழுத்தம் அளக்கும் கருவி இருந்தது, நடுக்கம் அளக்கும் கருவி இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. எத்தனை வருடத்து உப்பு மண்ணுக்குள் இருக்கிறதோ, எத்தனை மழை வேண்டுமோ. ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"தெரியவில்லை அக்கா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வந்தவிய எல்லாரும் சரியாப் போகும், சரியாப் போகும்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. தெரியலீன்னு சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க."

பிறகு கிணற்றடிக்குப் போய் மோட்டாரின் பொத்தானை அழுத்தினார். மின்சாரம் இருந்தது. குழாயில் காற்று இருமி, கொஞ்சம் கலங்கல் வந்து, தண்ணீர் தெளிந்தது. உள்ளங்கையைக் குழித்து ஏந்தி, ஒரு வாய் எடுத்து, நாக்கில் சுழற்றி, ஓரமாகத் துப்பினார். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புத்தானுங்க" என்றார் என்னிடம். "நாளைக்கும் பாக்கறேன்."